சீட்டுக்காக ஒரு பொய்

அப்பா சிகரெட்டை விடுவது எங்கள் வீட்டில் மழைக்காலம் மாதிரி. வருடத்துக்கு ஒருமுறை வரும், போய்விடும். நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் மட்டும் நாற்பது நாளைத் தாண்டியது. டாக்டர் நெஞ்சுப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தியது ஒரு காரணம். ரயில் சிநேகிதர்கள் இன்னொரு காரணம்.

தினமும் காலையில் நானும் அப்பாவும் மும்பை திலக் நகரில் லோக்கல் ரயில் ஏறுவோம். எனக்கு வடாலாவில் பள்ளிக்கூடம். அப்பாவுக்கு அதையும் தாண்டி வேலை. பன்வெல் பக்கமிருந்து வரும் மூன்று மாமாக்கள் அப்பாவுக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். நாலு பேரும் சேர்ந்து சிகரெட்டை விட்டவர்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யாராவது தப்பித் தவறிப் புகைத்துவிட்டால், மறுநாள் அவரே அதைச் சொல்லிவிட்டு நின்றுகொண்டு வர வேண்டும். உடனே இன்னொருவர் எழுந்து, அவரோடு நின்று பேசிக்கொண்டே வருவார். திட்ட மாட்டார்கள். கூட்டம் பிதுங்கும் ஹார்பர் லைன் ரயிலில் கிடைத்த சீட்டை விட்டு எழுவது எவ்வளவு பெரிய மனசு என்று அந்த வண்டியில் போனவர்களுக்குத்தான் தெரியும். எனக்கோ நிற்பது என்றால் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றுவதுதான். அதைவிடக் கேவலம் உலகத்தில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று அப்பாவுக்கு போன் வந்தது. காய்கறி வாங்கப் போன இடத்தில், என் கண் முன்னாலேயே ஒன்று பற்றவைத்துவிட்டார்.

மறுநாள் வண்டியில் ஏறியவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாக்களில் ஒருவர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், “என்னவே?” என்று எழப்போனார். எனக்கு அழுகை முட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

“அப்பா பிடிக்கவே இல்ல மாமா. நேத்து பூரா நான் கூடத்தானே இருந்தேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். “புள்ளையே சாட்சி சொல்லிட்டு. பொறவென்ன, உக்காரும்வே,” என்றார் அந்த மாமா.

அப்பா என்னைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் பெற்ற மகளை எப்படிப் பொய்க்காரி ஆக்குவார்? உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து என்னை வேறு பெட்டிக்கு அழைத்துப் போனார். மாமாக்கள் போன் செய்தார்கள், அப்பா எடுக்கவில்லை. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தில் விழிக்க அவருக்கு மனசு வரவில்லை என்பது இப்போது புரிகிறது. ஒரு வாரத்தில் சட்டையில் பழைய வாசனை வந்துவிட்டது.

புதுப் பெட்டியில் எங்களுக்கு இடம் பிடித்து வைக்க ஆள் இல்லை. முன்பின் தெரியாத கூட்டத்தில், நான் நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு அப்பா தினமும் நின்றே வந்தார். அவ்வளவு நல்ல பொய் சொல்லியும் அப்பாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லையே என்றுதான் அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது.