சில்லுக்குச் சுறா எண்ணெய்

இன்று காலை மகனின் மோட்டார் சைக்கிளை ஊர்காவற்றுறையில் திருத்துகிறவரிடம் கொண்டுபோனோம். நேற்றுப் பண்ணைப் பாலத்தில் பிரேக் பிடிக்காமல் விழுந்து, கால் முறிந்து ஆசுபத்திரியில் கிடக்கிறான்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலக்காமல், டயர் தேயமுன் மாற்றி, ஒயிலும் காலத்துக்கு ஊற்றிப் பார்த்த பிள்ளை.

திருத்துகிறவர் பின்சில்லைக் கழற்றி மணந்து பார்த்தார்.

“ஆச்சி, ஆர் இதுக்குச் சுறா எண்ணெய் பூசினது?”

“மகன்தான். உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்காது எண்டு. வள்ளத்துக்கும் அதைத்தானே பூசுறது.”

“வள்ளத்துக்குப் பிரேக் இல்லையெணை. எண்ணெய் உள்ளுக்கை இறங்கினால் சில்லு நிக்காது.”

உடனே மருமகனுக்குப் போன் எடுத்தேன்; அவர் எடுக்கவில்லை. அதே தகரத்து எண்ணெயை என் மருமகனும் தன் மோட்டார் சைக்கிளுக்குப் பூசியிருக்கிறார். விடியவே அதில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். பின்னேரம் அந்தப் பாலத்தால்தான் திரும்ப வேண்டும்.

பட்டணத்தில் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பதிவைக் கண்டால் அவரை மறியுங்கள். மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு பஸ்சில் வரச் சொல்லுங்கள். நாலு பேருக்கு முன்னால் மாமி மானத்தை வாங்கிவிட்டா என்று ஏசுவார்.

வீட்டுக்கு வந்து ஏசட்டும்.