கறுப்பு டேப்புக்கு அடியில்

தூ யூலுவானுக்கு மறதி என்பதே கிடையாது. மலையடிவாரத்துப் பூலி ஊரில் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்து இருபத்தாறு வருஷம். யார் வண்டியில் எந்த போல்ட் தேய்ந்தது என்பதிலிருந்து யார் என்றைக்கு என்ன சொன்னார்கள் என்பது வரை எல்லாம் மனதில் நிற்கும். வெய் வாத்தியார் சொன்னதும் அப்படித்தான் ஒரு வருஷமாக நின்றது, சூடு கொஞ்சமும் ஆறாமல்.

புருஷன் போன பிறகு தூக்கம் பிடிக்காமல் ஹெஹுவான் மலைக்கு வண்டியை விட ஆரம்பித்தவள் அவள். உச்சியில் வண்டி நிறுத்துமிடத்தில் தொலைநோக்கியோடு வருகிறவர்கள், பாட்டரி செத்துப்போய்ப் பனியில் கையைப் பிசைவதைப் பார்த்தாள். நமக்குத் தெரிந்த வேலைதானே என்று இறங்கிவிட்டாள். மீன்பிடிக்காரர்களின் ஐஸ் பெட்டி ஒன்றை எடுத்தாள். குளிரை உள்ளே அடைக்கிற பெட்டி, வெளியே நிறுத்தவும் செய்யும். உள்ளே நான்கு லித்தியம் செல், தடித்த செம்புக் கம்பி, ஃபியூஸ், பக்கவாட்டில் ஐந்து சாக்கெட். சார்ஜ் தீருமுன் எரிய ஒரு குட்டி விளக்கு. மலையில் வெள்ளை வெளிச்சம் காட்டி, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசவைத்தால் ஆளைக் கிழித்துவிடுவார்கள் என்பதால் அதையும் மங்கல் சிவப்பிலேயே போட்டாள். விளக்குக்குக் கீழே தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினாள்.

முதல் பெட்டியை வாங்கியவர் வெய். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நாற்பது வருஷமாக வானம் பார்க்கிறவர், மலைக்கு வருகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவர். சந்திர கிரகணம் பாதியில் இருக்கும்போது பெட்டி நின்றுபோனது. மறுநாள் அதைக் கொண்டுவந்து, வாடிக்கையாளர்கள் பார்க்கக் கடை வாசலில் தொப்பென்று வைத்தார்.

"முதலாளியம்மா, உங்களுக்கு பிரேக் ஒயர் மாட்டுறதுதான் லாயக்கு. இதெல்லாம் படிச்சவங்க வேலை."

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அதையே எழுதினார். பெட்டி கேட்டிருந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஊருக்குள் அவள் கைக்கு இருந்த பேர் ஒரே நாளில் போனது.

அவர் போனதும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். விளக்கின்மேலும் சீட்டின்மேலும் இரண்டு சுற்றுக் கறுப்பு டேப். எதில் ஒளிப்பொட்டு தெரிந்தாலும் டேப்பை ஒட்டிவிடுவது அந்த மனுஷனின் வழக்கம். கூப்பிட வாய் எடுத்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டு, பெட்டியை பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். டேப்பில் கை வைக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு வால்நட்சத்திரம் வந்தது. மூன்று நாள்தான், அதுவும் விடியுமுன் கிழக்கு முகட்டுக்கு மேலே இருபது நிமிஷம். சங்கமே மலையேறியது. வெய் புதிதாக வாங்கிய வெளிநாட்டுப் பாட்டரி, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும் தானாகவே அணைந்துகொண்டது. அணையும் என்று யூலுவானுக்குத் தெரியும். அதன் முதுகில் எழுதியிருந்ததை அவள் போன மாதம் மலையில் பார்த்தபோதே படித்துவிட்டாள். அதனால்தான் பரணில் கிடந்ததை சார்ஜ் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

வெய் எல்லோரிடமும் மாற்றுப் பாட்டரி கேட்டுவிட்டு, கடைசியில் அவளிடமே வந்து நின்றார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பெட்டிதான் சார். ஒண்ணும் மாத்தல, சார்ஜ் மட்டும் போட்டிருக்கேன்" என்றவள், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "இந்த டேப்பை எடுத்துடட்டுமா?"

"அதுல கை வெக்காதீங்க. என் கண்ணு கூசிப்போச்சுன்னா, வால்நட்சத்திரத்த நீங்களா காட்டுவீங்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் தொலைநோக்கியின் மோட்டாரை மாட்டினார், கேமராவை மாட்டினார், லென்ஸில் பனி படியாமல் சூடேற்றும் பட்டைகள் இரண்டையும் மாட்டினார். பெட்டியின் உயிரைக் குடிப்பது அந்தப் பட்டைகள்தான். அவள் பேசாமல் தேநீரில் வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

முகட்டுக்கு மேலே வால்நட்சத்திரம் தலையைக் காட்டிய நேரம், வெய்யின் மோட்டார் சத்தம் நின்றது.

"பாத்தீங்களா, மறுபடியும் அதே கதை" என்று அவர் கத்தியதில் எல்லோரும் கூடிவிட்டார்கள். யூலுவான் குனிந்து, நகத்தால் டேப்பைப் பிய்த்து எடுத்தாள். மோட்டாருக்குப் போதாத மிச்ச சார்ஜில், அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சீட்டைப் படிக்கச் சொன்னாள். சங்கச் செயலாளர் லியாவ் அம்மாள் தன் சிவப்பு டார்ச்சை அடித்துப் படித்தாள்.

"இந்த விளக்கு எரிந்தால் சூடேற்றும் பட்டைகளைக் கழற்றிவிடுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்."

வெய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன வருஷமே இத பாத்திருப்பீங்க. அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, முதலாளியம்மா" என்றார்.

"அப்ப சொல்லியிருந்தா நீங்க ஒருத்தர்தான சார் கேட்டிருப்பீங்க."

பிய்த்த டேப்பை உருட்டி அவர் கையில் வைத்துவிட்டு, தன் பைனாகுலரை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். வால்நட்சத்திரம் மறைய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.