சேனாபதியின் பட்டம்

வடக்கே நம்பு சீமையில் ஓஷிகேவின் வாயென்றால் எல்லோருக்கும் பயம். குதிரைகளோடு ஒரே கூரையின் கீழ் பிறந்து, அப்படியொரு வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டு, விதவையும் ஆனவள். கறுப்புக் கப்பல்களில் அந்நியர் வந்திறங்கிய வருஷம், நாட்டை ஆண்ட ஷோகனின் படைக்குக் குதிரை பிடிக்கத் தலைநகர் எடோவிலிருந்து அதிகாரி ஹனாவா வந்தார். வீட்டுக்குள் குதிரைகளைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சுத்தக் காட்டுமிராண்டிங்க! ஷோகன் பட்டத்துக்கு அர்த்தம் தெரியுமாடி? காட்டுமிராண்டிகளை அடக்குற மகா சேனாபதி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்த வடக்கத்தி ஆளுங்களை அடக்க வந்தவருக்குக் குடுத்த பட்டம்!"

ஓஷிகேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க பாட்டன் பூட்டனை வெட்டினதுக்கா சாமி அந்தப் பட்டம்? இப்ப நெசமாவே அந்நியன் வாசல்ல நிக்கிறானே, போய் அடக்கச் சொல்லுங்க! காட்டுமிராண்டி வீட்டுக் குதிரை எதுக்கு?"

ஹனாவாவின் கை வாளுக்குப் போனது. ஆனால் அவள் கை படாமல் அந்தக் குதிரைகள் வாசலைத் தாண்டா என்பது அவருக்கும் தெரியும். கையை எடுத்துக்கொண்டார்.

அவளே குதிரைகளைத் தெருவரை நடத்திவந்து, கயிற்றை அவர்முன் வீசினாள்.

"பார்த்து ஏறுங்க சாமி. இதுங்களும் வடக்கத்திதான். இன்னும் அடங்கல!"