போலந்தாரின் வாக்குமூலம்

செல்வரட்ணம் அண்ணையை எங்கள் கட்டடத்தில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போலந்தார் என்றால்தான் தெரியும். எழுபத்திரண்டில் சுரங்கப் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசிலில் போலந்துக்குப் போன மனிசன், அதைப் பாதியில் விட்டுவிட்டு அந்த நாட்டு இலக்கியம் படித்துப் பட்டத்தோடு திரும்பி வந்தாராம். கண்டறியாத படிப்பு! அந்தப் பட்டத்துக்குக் கொழும்பில் ஒரு கிளாக்கர் வேலையும், ரொறன்ரோவில் ஹோட்டல் கிச்சினில் கோப்பை கழுவும் வேலையும்தான் கிடைத்தன.

எண்பத்து நாலில் ஸ்காபரோவில் அவரும் நானும் ஒரே அறை. ஊரில் நான் சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞனாக இருந்தவன். அதனால் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு அகதி வாக்குமூலம் எழுதிக் கொடுப்பது என் தலையில் விழுந்தது. ஆமி வந்தது, அடித்தது, ஓடினேன், திரும்பிப் போனால் உயிர் இல்லை. இவ்வளவுதான். அதிகாரிக்கு வேண்டியதும் இவ்வளவுதான்.

போலந்தார் இதை வாசித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்துப் போலந்து எழுத்தாளர்களைப் பற்றித் தொடங்குவார். அவர்கள்தான் முதலில் சொல்லைச் சந்தேகித்தவர்களாம். "நான் எண்டு எழுதேக்க, எழுதிற தங்களையே அவங்கள் பாத்துக்கொண்டு எழுதினவங்கள், இராசரத்தினம். பட்டவன் ஒருத்தன், சொல்லுறவன் இன்னொருத்தன். சொல்லெல்லாம் மற்ற ஆக்கள் உடுத்திக் கழட்டின உடுப்பு."

"அண்ணை, அந்தப் பழைய உடுப்பைப் போட்டெண்டாலும் உங்கட மனிசியைக் கூப்பிடுங்கோ" என்பேன் நான். அவருடைய மனைவி தவமணியும் எட்டு வயது மகளும் கோப்பாயில் இருந்தார்கள். இவருடைய வழக்கு வென்றால்தான் அவர்கள் வரலாம்.

அவருக்கு நடந்தது பொய் கலக்கத் தேவையில்லாத கதை. எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தின்போது கொழும்பு வெள்ளவத்தையில் அவரும் தம்பியும் ஒரு அறையில் இருந்தார்கள். தம்பி பாண் வாங்கப் போனவன், சனம் துரத்த ஓடி வந்து கதவைத் தட்டினான். "அண்ணை, நான்தான்! அண்ணை, நான்தான்!" இவர் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். திறக்கவில்லை. பிறகு தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

இதை எனக்கு ஒரேயொரு முறைதான் சொன்னார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

விசாரணையில் அதிகாரி சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்: உயிருக்குப் பயந்தீரா? எந்த மடையனும் ஓம் என்று சொல்லியிருப்பான். இந்த மனிசன், "அப்பிடிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பயம் எண்ட சொல்லு எனக்காக வாதாடும். நான் கதவைத் திறக்கேல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றாராம். அது தட்டெழுத்தில் அப்படியே, முடிவெடுக்கிறவர்கள் இருக்கும் ஒட்டாவாவுக்குப் போனது. தனக்குப் பயமில்லையென்று இவரே ஒத்துக்கொண்டார் என்று எழுதி வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "விசரே உங்களுக்கு? உங்கட படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ! அங்க பொம்பிளப் பிள்ளையை வைச்சுக்கொண்டு அந்த மனிசி என்ன பாடுபடுதோ!" என்று கத்தினேன். அந்தக் கிழமை தவமணி அக்காவின் கடிதமும் வந்திருந்தது. பக்கத்து வீட்டில் ஷெல் விழுந்ததாம். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எழுதும்" என்றார்.

மேன்முறையீட்டுக்கு நான் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதில் திறமானது அது. "உயிர்ப்பயத்தில் என் கைகால் நடுங்கின. தம்பி, 'அண்ணை, நான்தான்' என்று அலறினான். என்னால் அசைய முடியவில்லை." ஒரு மாதம் அதைப் பாடமாக்கினார். எண்பத்தாறில் அந்த விசாரணையில் சரியான இடத்தில் அழுதும் காட்டினார். விசாரித்தவர்களில் அம்மா ஒருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாராம். வழக்கு வென்றது. நான் கேக் வாங்கி வந்தேன், அவர் தொடவில்லை.

ஆங்கிலமும் போலந்து மொழியும் தெரிந்தபடியால் அவருக்கு அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. ஒரு நாள் போலந்துக்காரருக்கு, ஒரு நாள் எங்கடை ஆட்களுக்கு. கோப்பை கழுவுவதை விட்டார். தவமணி அக்காவுக்கும் மகளுக்கும் விசாவும் வந்தது. அவர்கள் வர இரண்டு கிழமை இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"இண்டைக்குச் சாமித்தம்பி எண்டு ஒரு ஆள். மட்டக்களப்பு. அந்த ஆளின்ர தம்பியும் கதவைத் தட்டினவனாம். அண்ணை, நான்தான் எண்டு."

என் கை நின்றுவிட்டது.

"மொழிபெயர்க்கிறவர் 'அவர் சொல்லுறார்' எண்டு சொல்லக்கூடாது. 'நான்' எண்டுதான் சொல்லவேணும். சட்டம் அது."

"என்னண்டு சொன்னீங்கள் அண்ணை?"

"ஒரு சொல்லும் விடாமச் சொன்னன். அண்டைக்குக் கதவடியில வராத நடுக்கமெல்லாம் இண்டைக்குத்தான் வந்தது. அதுவும் அந்த ஆளுக்காக." சிரித்தார். அப்படி ஒரு அசிங்கமான சிரிப்பை நான் அவரிடம் கண்டதில்லை. "என்ர கதையை எத்தினை பேருக்கு எழுதிக் குடுத்தனீர்?"

"ஏழு பேருக்கு. உங்கட கேஸ் வெண்டதெல்லோ அண்ணை. சனம் வந்து கெஞ்சேக்க நான் என்ன செய்யிறது?"

"உம்மட கேஸிலயும் இருக்கோ?"

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த வாய்தானே இது. ஆனால் அந்தக் கதையை எடுத்துச் சொல்லி என் வழக்கை ஏற்ற கடிதம் அலுமாரியின் மேலே, அவர் கண்ணுக்கு நேரே கிடந்தது.

"ஓம்" என்றேன்.

அவர் எழும்பிப் போய்க் கதவருகே நின்றார். எனக்கு முகத்தைக் காட்டவில்லை.

"உமக்குத் தம்பியே இல்லையே, இராசரத்தினம்."

இல்லை. மூன்று அக்காமார் மட்டுந்தான்.