ஈஸ்டருக்குள் உருளவேண்டிய கரவன்

கார் ஓட்டத் தெரிந்தவனுக்குக் கரவன் இழுக்கவும் தெரியும் என்று நினைப்பது, சோறு சாப்பிடத் தெரிந்தவனுக்கு வயல் உழவும் தெரியும் என்று நினைப்பதைப் போன்றது. மெல்பனின் வடக்கே, கிரெய்கிபர்னுக்குப் பக்கத்தில், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சக்கர வீடான கரவனை விற்கும் ஒரு யார்டில் நின்று, இந்த உண்மையைப் பதினொரு வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். காருக்குப் பின்னால் கரவனை இழுக்கும் டோபார் இரும்பைப் பூட்டுவது, கரவனின் பிரேக்குக்கு வயர் இழுப்பது, பட்டறி, தண்ணீர்ப் பம்ப், அடுப்பு எல்லாம் பொருத்துவது, கடைசி நாளில் வாங்கியவரை நிறுத்திவைத்து ஒன்றரை மணித்தியாலம் பாடம் எடுத்துத் திறப்பைக் கையில் கொடுப்பது, இவ்வளவும் என் வேலை. தமிழ் ஆட்கள் வந்தால் மிக் என்ற என் முதலாளி கதிரையை விட்டு எழும்புவதேயில்லை, என்னைக் கைகாட்டிவிடுவார்.

கரவன் வாங்கியவர்களே, வாங்கப்போகிறவர்களே, வாங்கியவரின் மனைவியாக வாய்த்தவர்களே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கிறது. பதின்மூன்று அடி, பழசு. யார்டின் மூலையில் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்ததை நான்கு வருஷத்துக்கு முன் ஆசைப்பட்டு இழுத்து வந்தேன். ஒரு மாதத்தில் திருத்திவிடுவேன் என்று என் மனைவி சாந்திக்குச் சொன்னேன். ஆனால் சனிக்கிழமை வந்தால் யாராவது ஒருவருடைய பம்ப் ஒழுகும், நான் போய்விடுவேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

சாந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இந்த நாட்டுக்கு வந்த இருபது வருஷத்தில் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு தவிர வேறு எதற்கும் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனதில்லை. அவள் என்னிடம் கேட்டது சேலை கட்டத் தேவையில்லாத ஒரு பயணம், அவ்வளவுதான். இந்த வருஷம் தைப்பொங்கலன்று பொங்கல் பானையை இறக்கிய கையோடு ஒரு காகித மட்டையில் 'விற்பனைக்கு' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிக் கரவனின் பின் யன்னலில் ஒட்டினாள். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வெள்ளியன்று அது றோட்டில் உருளவேண்டும், இல்லையென்றால் சனிக்கிழமை முதலில் வந்து கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவாள். அன்றிலிருந்து வாசலில் வந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில், "ஈஸ்டருக்கு வாங்கோ."

அக்கினி மூலை

தமிழ்நாட்டிலிருந்து வந்து பொயின்ற் குக்கில் வீடு வாங்கியிருக்கும், கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பதி. கரவனைப் பார்த்ததும் இருவருக்கும் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போடும் நேரத்தில், கூட வந்த மாமனார் ஃபோனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு உள்ளே ஏறினார். ஐந்து நிமிஷத்தில் முகம் வாடி இறங்கினார். அடுப்பு வடமேற்கில் இருக்கிறதாம். தென்கிழக்கில், அக்கினி மூலையில் இருக்கவேண்டுமாம்.

இது வீடு இல்லை ஐயா, சக்கரம் உள்ள சாமான், றோட்டின் ஒவ்வொரு வளைவிலும் அடுப்பு வேறு வேறு மூலைக்குப் போகும் என்று பொறுமையாக விளக்கினேன். மருமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மிக்கும் நானும் கரவனின் முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தை உருட்டி, மூச்சு வாங்க வாங்க, முழுவதையும் நேர் எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினோம். மாமனார் மறுபடி ஏறி, திசைகாட்டியைப் பார்த்து, சிரித்துக்கொண்டே இறங்கினார். இனி வளைவில் திரும்பினால் பரவாயில்லையா என்று கேட்டேன்.

"அது எங்க வேணா திரும்பட்டும் தம்பி. சாவி வாங்குறப்ப எப்படி நிக்குதுங்கறதுதான் கணக்கு."

முக்கியமான இடம்

கரவனையும் காரையும் இணைப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, காரின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டை. மற்றது, கரவனின் பிரேக் விளக்கையும் சிக்னலையும் காரோடு கொழுவுகிற பிளக். பாடம் எடுக்கும்போது இந்த இரண்டையும் மூன்று தரம் தொட்டுக் காட்டி, உங்கள் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன். கொஞ்சம் பயந்தால்தான் ஆட்கள் கவனிப்பார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்து அன்ரி ஒருவர் மகனோடு வந்திருந்தார். பாடம் முடிந்ததும் தேங்காய், கற்பூரம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் எல்லாம் பையிலிருந்து வெளியே வந்தன. மிக்குக்கு இது பழக்கம். தேங்காய்த் துண்டுக்காக அவரே கதிரையை விட்டு எழும்பி வருவார். பூசை முடிந்து, மகன் கரவனைக் கொழுவிக்கொண்டு வாசல்வரை போனால், இடது சிக்னல் எரியவில்லை, பிரேக் விளக்கும் எரியவில்லை. அரை மணித்தியாலம் வயர் வயராகத் தேடினேன். கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஏழு துவாரத்துக்கும் ஈரச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துத் தேய்த்துக்கொண்டே, பொட்டு வைக்க வேறு இடமா இல்லை அன்ரி என்று கேட்டேன்.

"முக்கியமான இடத்திலதானே தம்பி பொட்டு வைக்கவேணும். உயிர் இதிலதான் இருக்கு எண்டு நீர்தானே சொன்னனீர்."

வால் ஆடும் கரவன்

ஈஸ்டருக்கு இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம் இருந்தது. நான் எங்கள் கரவனுக்குப் புதிய டயர் போட்டுவிட்டேன். பிரேக்கும் கதவும் மிச்சம். கொஞ்சம் நிம்மதியாக இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஃபோன் அடித்தது. கையில் சோறு, அதனால் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். எங்கள் வீட்டில் வாடிக்கையாளர் கதையெல்லாம் இப்படித்தான் நடக்கும். எதிரே சாந்தி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பாள்.

பேசியவர் மலேசியாவிலிருந்து வந்த ஒரு தம்பி. சிட்னி போகிற வழியில், றோட்டோரம் நிற்கிறார். வேகம் கூட்டினால் கரவன் வாலை ஆட்டுகிறதாம், காரையே சேர்த்து இழுக்கிறதாம். இது விளையாட்டில்லை, அப்படி ஆடி உருண்ட கரவன்களை நான் பார்த்திருக்கிறேன். பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். இருபது கிலோ அரிசி, தண்ணீர்ப் போத்தல் நான்கு பெட்டி, இட்லிப் பானை, முறுக்கு டின், பிறகு தயங்கித் தயங்கி, மாவரைக்கும் கிரைண்டர் என்றார். விடுமுறைக்கு எதற்குக் கிரைண்டர் என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை.

பாரம் பின்னால் இருந்தால் வால் ஆடும், பாரமானதை எல்லாம் சக்கரத்துக்கு நேராக, நடுவில் கொண்டுவந்து தரையில் வையுங்கள், கிரைண்டரைக் காருக்குள் ஏற்றுங்கள் என்று சொன்னேன். சாந்தி எழும்பிப் போய் எனக்குக் குழம்பு கொண்டுவந்து ஊற்றினாள். அரை மணித்தியாலத்தில் தம்பி மறுபடி ஃபோன் எடுத்தார். இப்போது ஆடவில்லை, ஆனால் கிரைண்டரைக் காரில் ஏற்றியதால் மாமியாருக்கு இருக்கை இல்லை, அவரைக் கரவனுக்குள் உட்கார வைக்கலாமா என்று கேட்டார். ஓடுகிற கரவனுக்குள் ஆள் இருக்கவே கூடாது, சட்டம் விடாது என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க அண்ணே, கிரைண்டரா மாமியாரா? நான் சொன்னா வீட்டுல பிரச்சினை ஆயிடும்."

கணக்கும் மரமும்

கரவனை முன்னுக்கு இழுப்பது யாராலும் முடியும். பின்னுக்கு எடுக்கும்போதுதான் மனுஷனின் சுயரூபம் தெரியும். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் கரவன் இடது பக்கம் போகும். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இது ஒரேமாதிரித்தான் குழம்பும். எங்கள் ஆட்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மனைவி பின்னால் நின்று "வாங்கோ, வாங்கோ, வாங்கோ" என்பார். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார். இடித்த பிறகு "நில்லுங்கோ" என்பார்.

கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளருக்கு நான் சொன்னது இரண்டே வசனம். ஸ்டியரிங்கின் அடியைப் பிடியுங்கள். கரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, கையை அந்தப் பக்கம் தள்ளுங்கள். அவருக்கு அது மிக எளிதாகத் தெரிந்ததால் நம்பிக்கை வரவில்லை. காரின் நீளம், கரவனின் நீளம், திரும்பும் கோணம் என்று ஒரு தாளில் படம் கீறினார். ஒரு கிழமை தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் எடுத்துக் கோணம் கேட்டார். தினமும் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அதே இரண்டு வசனத்தைத்தான் சொன்னேன், சாந்தி தினமும் எதிரே இருந்தாள். எட்டாம் நாள் அவர் யார்டுக்கு வந்தபோது கரவனின் பின் மூலை நசுங்கியிருந்தது, மரப்பட்டையும் ஒட்டியிருந்தது. கணக்கு எங்கே பிழைத்தது என்று கேட்டேன்.

"கணக்கில பிழையில்லை. மரத்தைச் சேர்க்க விட்டிட்டன்."

சேலை கட்டாத பயணம்

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பின்னேரம்தான் எங்கள் கரவனின் பிரேக், கதவு வேலை இரண்டும் முடிந்தன. அந்தக் கிழமை வந்த அழைப்பு ஒன்றையும் நான் எடுக்கவில்லை. பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் மிக் கோபிப்பார். காலையில் சாந்தி காற்சட்டையும் சப்பாத்துமாக வந்து நின்றாள். அவளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இதற்கு நான்கு வருஷம் எடுத்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது. கரவனைச் சுற்றி வந்து பிளக், சங்கிலி, படி எல்லாம் வாடிக்கையாளருக்குக் காட்டுவது போலவே அவளுக்கும் காட்டினேன். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டாள்.

பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் இரண்டு பேர் வந்து கரவனைத் தட்டிப் பார்த்து, உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார்கள். என் கைவேலையை ரசிக்கிறார்கள் என்று நினைத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு காட்டினேன். கடற்கரை கரவன் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நான்கு மணி. அந்த நேரத்தில் அங்கே எல்லோருக்கும் ஒரே பொழுதுபோக்குத்தான். கதிரையைப் போட்டு உட்கார்ந்து, புதிதாக வருகிறவன் பின்னுக்கு எடுப்பதைப் பார்ப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு மரத்துக்கும் ஒரு கூடாரத்துக்கும் நடுவில் ஒடுக்கமான இடம்.

சாந்தி பின்னால் போய் நின்றாள். "வாங்கோ, வாங்கோ, வாங்கோ." முதல் தடவை மரத்துக்குப் போனேன். இரண்டாம் தடவை கூடாரத்துக்குப் போனேன். யார்டில் யாருமில்லாத வெளியில் எடுத்துப் பழகியவன் நான், கதிரையில் இருந்து பார்க்கிற இருபது கண்களுக்கு முன்னால் இல்லை. மூன்றாம் தடவை கூடாரத்தின் கயிறே தெறித்தது. கூடாரக்காரர் கையில் பியரோடு எழும்பி நின்றார். விடிந்தால் சனிக்கிழமை, மட்டை எழுதியவள் பின்னால் நிற்கிறாள் என்று நினைக்கவே வியர்த்தது.

சாந்தி வந்து கார்க் கண்ணாடியில் தட்டினாள். "இறங்குங்கோ" என்றாள். இறங்கினேன். அவள் ஏறி, இருக்கையை முன்னுக்கு இழுத்தாள், ஸ்டியரிங்கின் அடியை ஒரு கையால் பிடித்தாள், கண்ணாடியைப் பார்த்துக் கையை மெல்ல மெல்லத் தள்ளினாள். பதின்மூன்று அடிக் கரவன் மரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் ஒரே மூச்சில் போய் நின்றது. கதிரைகளில் கைதட்டல். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "என்ன பாக்கிறீங்கள்? நாலு வருஷமாச் சோத்தோட இதைத்தானே கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

நான் கயிற்றைக் கட்டிக்கொடுத்து மன்னிப்புக் கேட்டபோது கூடாரக்காரர் அதைக் காதில் வாங்கவேயில்லை. அவருடைய கண் கரவனின் பின் யன்னலில் இருந்தது. அப்போதுதான் நானும் பார்த்தேன், மட்டை இன்னும் அங்கேயே இருந்தது. பெற்றோல் நிலையத்தில் மார்பை நிமிர்த்தியது நினைவுக்கு வந்தது. இவ்வளவு நல்ல கரவனை ஏன் விற்கிறீர்கள், நான் வாங்கட்டுமா என்று கேட்டார். கரவன் உருண்டுவிட்டதுதான், ஆனால் மட்டையை அவள் இன்னும் எடுக்கவில்லை. சாந்தி சொன்ன சொல் மாறாதவள்.

அவள் உள்ளே அடுப்பில் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிட்டு, பின் யன்னல் பக்கம் வந்து மட்டையை மெதுவாகக் கழற்றினாள். கூடாரக்காரருடன் ஆங்கிலத்தில் பேசக்கூடியவள், வேண்டுமென்றே என்னிடம் தமிழில் சொன்னாள்.

"கரவன் குடுக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ. என்ர மனுசனை வேணுமெண்டால் யோசிக்கலாமாம் எண்டும் கேட்டுப் பாருங்கோ."

முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

பதினொரு வருஷமாக நான் படிப்பித்தவர்களில் முதல் தடவையிலேயே பரீட்சையில் சித்தியடைந்தது, நான் படிப்பிக்கிறேன் என்றே நினைக்காத ஒருத்திதான்.