முட்டிக்கு நான் பார்த்த வைத்தியம்

பிரான்சில் மருந்துக்கடைப் பெண்மணி முதலில் டாக்டர் சீட்டைப் பார்ப்பார், பிறகுதான் என்னைப் பார்த்து "போன்ழூர்" சொல்வார். புதுச்சேரி முதலியார்பேட்டைக் கடைக்காரரோ என்னைக் கண்டதுமே, "வாங்க பாரீஸ் அண்ணே, என்ன வேணும்?" என்கிறார். சீட்டு என்ற பேச்சே கிடையாது. முப்பது வருடமாக விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் என் தங்கை செல்வியை இளக்காரம் செய்வேன். "எங்க ஊர்ல சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக்கைத் தொடக்கூட முடியாது. நீங்கள்லாம் கடலை மிட்டாய் மாதிரி வாங்கித் திங்கிறீங்க." எங்க ஊர் என்று நான் சொன்னது பாரீஸை.

முட்டி மாற்று அறுவை எனக்கு நடந்ததும் அங்கேதான், போன வருடம். வீட்டுக்கு அனுப்பும்போது அறுவை செய்த டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: முட்டி சிவந்தாலோ வீங்கினாலோ நீயாக எதையும் விழுங்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. "வுய், வுய்" என்று தலையாட்டினேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த முறை புதுச்சேரிக்கு வந்த மூன்றாம் வாரம் முட்டி சுட்டது, வீங்கியது, காய்ச்சலும் வந்தது. அதற்குள் தெரு முழுக்கப் பாரீஸ் முட்டியைத் தட்டிக் காட்டிப் பெருமையடித்து முடித்திருந்தேன். அதுவே வீங்கிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? செல்வி குளிக்கப் போன நேரம் பார்த்து நொண்டி நொண்டிக் கடைக்குப் போனேன். "பல் வீக்கம்" என்று புளுகிப் பத்து மாத்திரை வாங்கினேன். ஐந்து நாளில் காய்ச்சல் போனது, வீக்கம் போகவில்லை. செல்விதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

முட்டியிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். அடுத்த வாரம் டாக்டரம்மா அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீழ் நிறைய இருக்கு. ஆனா சோதனைத் தட்டுல வச்சுப் பாத்தும் கிருமி எதுவும் வளரல. எந்தக் கிருமின்னு தெரியாம எந்த மருந்தைக் குடுக்கிறது? ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?"

"சேச்சே! நான் பிரான்ஸ்ல இருக்கிறவன் டாக்டர்."

செல்வி கைப்பையைத் திறந்து ஒரு காலி மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள். "தொவைக்கப் போட்ட பேன்ட்ல இருந்துச்சு டாக்டர். பிரெஞ்சு பேன்ட்டுதான்."

அறுபத்திரண்டு வயதில் மேசைக்கு அடியில் போய் ஒளிய ஆசைப்பட்டேன். முட்டி மடங்காது.

"இதுதான் கிருமியை மறைச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு வாரம் எந்த மாத்திரையும் வேணாம், மறுபடி நீர் எடுப்போம். நடுவுல காய்ச்சல் வந்தா அன்னைக்கே வந்துடுங்க. வீங்கினதுமே வந்திருந்தா, தெறந்து கழுவியே இந்த முட்டியைக் காப்பாத்த வாய்ப்பு இருந்துச்சு சார்."

ஆட்டோவில் செல்வி கேட்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லண்ணா?"

"நீ சிரிப்பியேன்னுதான்."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சிக்கிட்டே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."



இரண்டாம் முறை கிருமி அகப்பட்டது. ஆனால் பாரீஸ் உலோகத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. இப்போது அந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்ட் கட்டி ஒன்று இருக்கிறது. கிருமி ஒழிந்தது உறுதியான பிறகுதான் புது முட்டி.

நேற்று வாக்கரைத் தள்ளிக்கொண்டு அதே கடைக்குப் போனேன்.

"வாங்க பாரீஸ் அண்ணே, என்ன வேணும்?"

சீட்டை நீட்டினேன். அவர் பார்க்காமலேயே அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"படிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். பாரீஸ் முட்டி போய்விட்டது, புதுச்சேரி முட்டி இன்னும் வரவில்லை. நடுவில் இருக்கும் சிமெண்டின்மேல் பாதி பாரத்தை மட்டும் வைத்துக் காத்து நின்றேன்.