பஹீஜா டீச்சர் மேளத்தைத் தொடவில்லை

பஸ்ரா நகரத்தை அடுத்த சுபைர் என்ற ஊரின் பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பஹீஜா உயிரியல். முன்பு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்புக் குடும்பங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் அவள்தான். அப்படியிருந்தும் கடைத்தெருவில் அவள் பெயர் ‘அடிமை வீட்டுப் பொண்ணு’. அடிமைத்தனம் ஒழிந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது.

எங்களோடு வேலை பார்த்த டீச்சர் இக்பால்தான் மணப்பெண்; அவள் கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். முற்றத்தில் ஆண்கள், திரைக்கு இந்தப்பக்கம் நாங்கள். கல்யாணங்களில் அடித்து ஆட வழக்கமாக அழைக்கும் கறுப்பு மேளக்காரி வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, எல்லோரும் உம் கஹ்தான் என்று கூப்பிடுபவள், மேளத்தைத் தூக்கிவந்து பஹீஜாவின் மடியில் வைத்தாள்.

“எழுந்திரு. வெளிய போய் அடிச்சு ரெண்டு ஆட்டம் போடு.”

“ஆம்பளைங்க முன்னாடியா? நான் டீச்சரும்மா. எனக்கு மேளம் அடிக்கவே தெரியாது.”

“தெரியாதாம். உங்க ரத்தத்துலயே ஊறினதுதானே?”

“அப்போ உங்க மகளை ஆடச் சொல்லுங்களேன்.”

“நாக்கை அடக்குடி. அவ குடும்பப் பொண்ணு. அந்நிய ஆம்பளை பார்த்தா எங்க மானம் போயிடும். உங்களுக்கு ஏதுடி மானம்?”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பஹீஜா மேளத்தைத் தரையில் இறக்கி வைத்தாள். “உங்க மக எங்கிட்டதான் படிக்கிறா. ரத்தத்துல என்னென்ன இருக்குன்னு அடுத்த வாரம் பாடம். அதுல மேளம் இல்லைம்மா.” அபாயா அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாகவே நடந்து போனாள்.

அந்த வாரமே உம் கஹ்தான் பள்ளியில் புகார் கொடுத்தாள். பதினோரு தாய்மார்கள் தங்கள் பெண்களை பஹீஜாவின் வகுப்பிலிருந்து எடுத்தார்கள். தலைமையாசிரியை பஹீஜாவைக் கூப்பிட்டு, “மன்னிப்புக் கேட்டுடு, விஷயம் முடிஞ்சிடும்” என்றாள்.

“எதுக்குன்னு எழுதிக் கொடுங்க, கேட்கறேன்.”

எழுதித்தர யாருமில்லை. உயிரியலைப் பிடுங்கித் தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடச் சரியாக வராது. கல்யாணத்தில் நடந்ததை, புகாரைப் பற்றிய விசாரணையில் சொல்லும்படி என்னிடம் ஒருமுறை கேட்டாள்.

“வீட்டுக்காரர் திட்டுவார்” என்றேன்.

“சரி” என்றாள். அதற்குப்பின் என்னிடம் அவள் பேசவில்லை. டீச்சர்கள் அறையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். என் நாற்காலியும்தான்.

மூன்று வருடம் கழித்து, பஸ்ராவில் ஒரு கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் வேலை கிடைத்துக் கிளம்பினாள். ‘திமிர் பிடிச்சவ, தொலைஞ்சா’ என்றார்கள். போகும்போது என் மேசையைக் கடந்துதான் போனாள். நான் விடைத்தாள் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன்.